“முழு சர்வீஸ் முடிந்தது” என்று போட்ட கேசட் ரெக்கார்டரை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஆறினால் எழுத மாட்டேன்.

வாங்கியது சோனி டபிள்யூஎம்-டி6சி. 1984-இல் வந்த மாடல். நான்கு ஏஏ செல்லில் ஓடும், மோட்டார் வேகத்தைக் குவார்ட்ஸ் கட்டுப்படுத்தும், டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி, சி இரண்டும் உண்டு. கையடக்க ரெக்கார்டரில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. அதனால்தான் இன்றும் இந்த விலை, அதனால்தான் இதில் இத்தனை திருட்டும்.

வாங்கிய இடம், தனிநபர்கள் பழைய எலெக்ட்ரானிக்ஸ் விற்கும் ஒரு தளம். பெயர் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள், போடவில்லை.

இந்த மாடலின் பெரிய வியாதி நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சென்டர் கியர். வயதானால் பிளவு விடும். பிளவு விட்ட இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி அகன்றுவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த கியரோடு அங்கே மோதி ‘டிக், டிக்’ என்று அடிக்கும். முற்றினால் ரீல் சுற்றாமல் நிற்கும், டேப் வெளியே வழிந்து, அதை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரில் சுற்றிக்கொள்ளும். நான் கேட்பதற்கு முன்பே விற்றவர் இதைச் சொன்னார். “சென்டர் கியரைத்தான் எல்லாரும் மறைப்பாங்க சார், நான் புதுசு போட்டிருக்கேன். கெப்பாசிட்டரும் மாத்தியாச்சு, பெல்ட்டும் புதுசு.” உள்பக்கப் போட்டோவும் வந்தது, போர்டில் பளபளவென்று புதுக் கெப்பாசிட்டர்கள். குறையைத் தானே முன்வந்து சொல்கிற ஆளை எப்படிச் சந்தேகிப்பது? அந்த இடத்தில்தான் பணம் கைமாறியது.

கூடவே ஒரு வீடியோ. மைக்கில் பேசுகிறார், ரிவைண்டு செய்கிறார், போடுகிறார், குரல் கணீரென்று வருகிறது. இந்த வீடியோ எதையும் நிரூபிக்காது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். டேப்பைத் தொட்டுப் பதியவும் படிக்கவும் செய்கிற ஹெட் சாய்ந்திருந்தால் பதியும்போதும் அதே சாய்வு, கேட்கும்போதும் அதே சாய்வு. இரண்டும் பொருந்திவிடும், குறை காதில் விழாது. எப்போதும் ஒரே அளவு வேகமாக ஓடுகிற மிஷினும் அப்படியே: வேகமாகப் பதிந்து வேகமாகப் போட்டால் குரல் சரியாகத்தான் இருக்கும். இன்னொரு மிஷினில் பதிந்த கேசட்டைப் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

வெளுத்தது. கம்பெனியில் பதிந்து வந்த கேசட் எதைப் போட்டாலும் கம்பளி போர்த்திய சத்தம். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, அதில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.76 மைக்ரான்தான். ஒரு ஸ்டீரியோ டிராக்கின் அகலம் ஏறத்தாழ 0.6 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹெட் 0.3 டிகிரி சாய்ந்தாலே டிராக்கின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 3 மைக்ரான் விலகல், அரை அலைக்கு மேல்; அந்த ஒலி 7 டெசிபெல் விழுந்துவிடும். டால்பி போட்டால் இன்னும் மோசம். இதற்குப் பெயர் அசிமத் கோளாறு. ஹெட் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: சொந்தப் பதிவு தெளிவு, மற்றவை மந்தம் என்றால் அசிமத், இரண்டுமே மந்தம் என்றால் ஹெட் அழுக்கு, இல்லாவிட்டால் தேய்மானம்.

திறந்து பார்த்தேன். அசிமத் ஸ்க்ரூவின் தலையில் அசையாமலிருக்க வைக்கும் பெயிண்ட் உடைந்திருந்தது, யாரோ திருகியிருக்கிறார்கள். “புது” சென்டர் கியரில் சூப்பர் க்ளூ பூத்த வெள்ளைப் படலம். க்ளூ வைத்தால் பிளவு மூடாது, அகன்ற இடைவெளி அப்படியே இறுகும், டிக் சத்தமும் அப்படியே. கெப்பாசிட்டர்கள் பழையவை, அடியில் எலக்ட்ரோலைட் திரவம் கசிந்து பழுப்புக் கறை, போர்டில் ஒரு செம்புத் தடம் கருத்தே போயிருந்தது. போட்டோவில் வந்தது வேறு ஏதோ மிஷின். இதற்கு ஒன்றரை மாதச் சம்பளம்.

பிறகு நடந்ததுதான் எரிச்சலின் உச்சம். விற்றவர் முதலில், “உங்க கேசட் பழசு சார்.” அப்புறம், “கூரியர்ல ஆடியிருக்கும்.” கூரியரில் ஆடினால் கியருக்கு க்ளூ பூசிக்கொள்ளுமா? அதற்கு மேல் பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், “விற்பனையாளர் அனுப்பிய வீடியோவில் பொருள் இயங்குகிறது” என்று ஒரு வரி. அசிமத் என்றால் என்ன என்று விளக்கி எழுதினேன், அதே வரி மறுபடி வந்தது. கறை படிந்த போர்டைப் படமெடுத்து அனுப்பினேன்: “நீங்கள் திறந்துவிட்டதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது.” திறக்காவிட்டால் ஆதாரம் இல்லை, திறந்தால் உரிமை இல்லை. ஒன்றரை மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு இந்த நியாயம் பேசுகிறார்கள்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள். வேறு மிஷினில் பதிந்த கேசட்டை, டால்பியை அணைத்து, ஒரே ஷாட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் டேப் போட்டு, ஃபோனில் ஃப்ரீக்வென்சி காட்டும் ஆப்பில் எண்ணைக் காட்டட்டும்; 3245 வந்தால் 3 சதவீதம் வேகம், சுதியும் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பதிவது சோதனை ஆகாது, இதில் பதியவும் கேட்கவும் ஒரே ஹெட்தான் என்பதால் காதில் விழுவது உள்ளே போகும் சத்தமே, டேப்பில் ஏறியது அல்ல. உள்பக்கப் போட்டோவில் சீரியல் நம்பரும் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும், முடியாது என்றால் விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

அப்புறம் ஒன்று, புகார் முடியும்வரை அசிமத் ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவர் வைக்காதீர்கள். கால் சுற்றில் சரியாகிவிடும் என்று கை பரபரக்கும். திருகிவிட்டால், கெடுத்ததே நீங்கள்தான் என்று அடுத்த பதில் வரும்.