75 வாட்டுக்குள் ஒரு கார்டு: மூன்று கோடைகளின் கணக்கு

என் மேசைக்கு அடியில் இருப்பது 2012ஆம் ஆண்டுக் கணினி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியவற்றை மொத்தமாக எடுத்து விற்ற ஒருவரிடம் வாங்கியது. கோர் ஐ5 3470 பிராசசர், 8 ஜிபி ரேம், மெலிந்த கேபினெட், 240 வாட் பவர் சப்ளை. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் பிறந்த இயந்திரம். 2023 பிப்ரவரியில் இதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினேன். மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டது.

தேவை இரண்டு. அக்கா மகள் வயலின் வாசிக்கிறாள். அவளுடைய கச்சேரிப் பதிவுகளை வெட்டிச் சேர்த்து வீடியோவாக்கித் தருவது என் வேலை. இன்னொன்று, இரவில் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும் என்று மகன் வைத்த விண்ணப்பம்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனபோது என் மனத்தில் இருந்தது ஆர்எக்ஸ் 580 என்ற கார்டு. 8 ஜிபி நினைவகம். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தபின் அந்தக் கார்டுகள் பழைய சந்தையில் மலிவாகக் கொட்டிக் கிடந்தன. கடைக்காரர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "பவர் சப்ளை எத்தனை வாட், சார்?" என்றார். சொன்னேன். "அப்படியென்றால் இந்த அலமாரியைப் பார்க்காதீர்கள்" என்று என்னை அடுத்த பக்கம் திருப்பிவிட்டார். ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 வாட் இழுக்கும். அதற்கு வேண்டிய 8 பின் மின் இணைப்பு என் பவர் சப்ளையில் கிடையாது. கேபினெட்டின் உயரத்திலும் அது அடங்காது. அன்று அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து திருதிருவென்று விழித்திருப்பேன்.

மதர்போர்டின் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் தரும். தனி மின் இணைப்பு இல்லாத பெட்டிக்கு அதுவே எல்லை. அந்த எல்லைக்குள், குட்டை உயரத்தில் கிடைப்பவை என்று பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது: ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400.

ஜிடி 1030இல் ஒரு பொறி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு கார்டுகள். ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது வினாடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். 2018இல் வந்த டிடிஆர்4 வடிவம் 16.8 ஜிபிதான். பெட்டியின் மேல் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்கு. இரண்டிலுமே வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதியான என்கோடர் கிடையாது என்பதால் எனக்கு எப்படியும் உதவாது.

ஆர்எக்ஸ் 6400ஐத்தான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தேன். புதியது, உத்தரவாதத்தோடு வருவது, 53 வாட்தான் எடுப்பது. ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது நான்கு தடங்கள் வழியாக மட்டும். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் முறை) உள்ள புதிய மதர்போர்டில் அந்த நான்கே போதும். என்னுடையது மூன்றாம் தலைமுறை, இணைப்பின் வேகம் பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி, கணினியின் ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டிவரும்போது அந்தக் குறுகல் வலிக்கும். பழைய கணினிக்கென்றே அளவெடுத்ததுபோன்ற உடல்வாகு, பழைய கணினியோடு ஒத்துப்போகாத இணைப்பு! வீடியோ என்கோடரும் அதில் இல்லை. வைத்துவிட்டேன்.

மிஞ்சியவை இரண்டு. பழைய 1050 டிஐயை விட பழைய 1650க்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம் கேட்டார். இரண்டிலும் 4 ஜிபி, இரண்டும் 75 வாட். 4 ஜிபி என்பதில் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது: 2020 இறுதியிலேயே எதீரியம் தோண்ட 4 ஜிபி பற்றாமல் போய்விட்டது, ஆகவே இவை அந்தச் சுரங்கத்தில் கடைசிவரை வெந்தவையாக இருக்க வாய்ப்பு குறைவு. பேரம் பேசி 1650ஐ 7,200 ரூபாய்க்கு எடுத்தேன்.

வீட்டில் பொருத்திய முதல் இரவு திரை கறுப்பு. காரணங்கள் இரண்டு, அவை ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்ததால் கண்டுபிடிக்க மறுநாள் வரை ஆனது. என் மானிட்டரில் பழைய அனலாக் இணைப்பான விஜிஏ மட்டும்தான். கார்டில் இருந்தவை டிவிஐயும் எச்டிஎம்ஐயும். வீட்டில் கிடந்த பழைய டிவிஐ-விஜிஏ செருகியின் ஓரத்தில் உள்ள நான்கு ஊசிகளுக்குக் கார்டில் துளையே இல்லை. அந்த நான்கும்தான் அனலாக் சமிக்ஞையைக் கொண்டுபோகும் ஊசிகள். மறுநாள் எச்டிஎம்ஐயை விஜிஏவாக்கும் மாற்றி ஒன்று வாங்கினேன். அப்போதும் கறுப்பு. கார்டைக் கழற்றி, கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, மறுபடி செருகிய பிறகே படம் வந்தது. கடைக்காரரை மனத்துக்குள் திட்டியதை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பயன்பாட்டில் முதலில் அசர வைத்தது விளையாட்டல்ல, யூடியூப். அதன் வீடியோக்களில் பெரும்பகுதி விபி9 என்ற சுருக்கு வடிவம். பழைய இன்டெல் கிராபிக்ஸுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. பாரம் முழுவதும் பிராசசர் மேல் விழுந்து, ஒரு கச்சேரி பார்ப்பதற்குள் மின்விசிறி விமானம்போல் கத்தும். கார்டு அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும் அறை அமைதியாயிற்று. ஏவி1 என்ற புதிய சுருக்கு வடிவம் வந்தால் மட்டும் பழைய கதை. 1650க்கு அது தெரியாது.

வீடியோ ஆக்கத்தில் லாபம் தெளிவானது. முன்பு 40 நிமிடக் கச்சேரியை வெளியெடுக்கப் பிராசசருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது கால் மணி நேரம். பிராசசரோடு வரும் கிராபிக்ஸிலும் என்கோடர் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்டு. வில் வேகமாக ஓடும் இடமெல்லாம் அதில் கட்டம் கட்டமாக உடைந்தது. 1650இல் இருப்பதும் அதன் தலைமுறையின் புதிய என்கோடர் அல்ல, என்விடியாவின் முந்தைய வோல்டா தலைமுறைக் காலத்தது. என் தேவைக்கு அது தாராளம்.

மகனுடைய விளையாட்டில்தான் சிக்கல் வந்தது. ஜிடிஏ 5இல் படம் அழகாக இருக்கும். ஊருக்குள் வேகமாக வண்டி ஓட்டினால் விக்கும். கார்டு போதவில்லை என்றான். பார்த்தால், அந்த நேரத்தில் கார்டு பாதி ஓய்வில் இருந்தது, பிராசசரின் நான்கு கோர்களும் நூறு சதவீதத்தில் முக்கிக்கொண்டிருந்தன. ரேமும் ஒற்றைத் துண்டு. அதே அளவில் இன்னொரு 8 ஜிபி போட்டதும் விக்கல் பாதி குறைந்தது. ஓராண்டு கழித்துப் பழைய கோர் ஐ7 3770 ஒன்று கிடைத்தது. அதே சாக்கெட், அதே 77 வாட், ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓட்டும் எட்டுத் திரெட். மீதி விக்கலும் பெரும்பாலும் போயிற்று. கார்டுக்கு முன்னாலேயே ரேமை வாங்கியிருக்க வேண்டும்.

வெப்பம்தான் உண்மையான குறை. இந்த மெலிந்த பெட்டியில் காற்று போக வழியில்லை. மே மாதப் பிற்பகலில் விளையாடினால் 83 டிகிரியைத் தொட்டது. இரண்டாம் கோடைக்கு முன் தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தேன், 74க்கு இறங்கியது. மூடி இன்றுவரை பரணில்தான். கார்டின் குட்டி மின்விசிறி மூன்றாம் ஆண்டில் கரகரக்கத் தொடங்கியது. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சமாளித்தேன், மாற்று விசிறி தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றே சொல்ல வேண்டும். 2025 அக்டோபரோடு பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டை என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 1050 டிஐ பாஸ்கல். 1650 அடுத்த டியூரிங் தலைமுறை என்பதால் தப்பித்தது. 2023இல் இதையெல்லாம் யோசித்து வாங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

அதே மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. என் பிராசசர் விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. கச்சேரி வேலைக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். கார்டு அதிலும் தகராறு செய்யவில்லை. மகனின் விளையாட்டுகளுக்காகப் பழைய விண்டோஸ் தனி வட்டில் இருக்கிறது, அதில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இப்போது அவன் கேட்கும் புதிய விளையாட்டுக்குக் குறைந்தது 6 ஜிபி கார்டு வேண்டுமாம். அதற்கு இந்தப் பெட்டியில் இனி செலவு செய்வதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் அம்மாவிடம் மேல்முறையீடு செய்திருக்கிறான்.