கோணல் வியூபோர்ட்டுகளோடு எட்டு வருடம்

முதலில் நான் செய்துகொண்டிருந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், எல் வடிவ மனை ஒன்றின் தரைத்தளப் படம். லேஅவுட்டில், அதாவது அச்சுக்குப் போகும் தாளில், செவ்வக வியூபோர்ட் (மாடலில் வரைந்த கட்டடத்தைத் தாளில் காட்டும் ஜன்னல்) போட்டால், எல்லின் காலி மூலையில் பக்கத்து மனைக் கட்டடம் தலைநீட்டும். கதவு ஜன்னல் அட்டவணை வைக்க எனக்கிருந்த ஒரே இடமும் அதே மூலைதான். கீழே இருப்பதை மூடும் வைப்அவுட் ஒன்றைப் போட்டு மறைத்து, அதன் மேல் அட்டவணையை உட்கார வைத்தேன். திரையில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் எதையோ திருத்தப்போய் டிரா ஆர்டர், அதாவது எது மேலே எது கீழே என்ற வரிசை, மாறிவிட்டது. பக்கத்து வீட்டுப் படிக்கட்டு என் அட்டவணைக்குக் குறுக்கே ஏறி இறங்கி அச்சில் வந்தது.

இத்தனைக்கும் நினைத்த வடிவில் வியூபோர்ட் போடும் வசதி ஆட்டோகேட் 2000 வந்த நாளிலிருந்தே இருக்கிறது. நான்தான் தாமதம். எட்டு வருடமாக இதை வைத்து வேலை செய்கிறேன், பட்டதை எழுதுகிறேன்.

இதற்கு வழி மூன்று. எம்வியூ கட்டளையில் பாலிகோனல் எடுத்து புள்ளி புள்ளியாக வைத்துப் போகலாம், நடுவே வளைவும் சேர்க்கலாம். அதே கட்டளையில் ஆப்ஜெக்ட் எடுத்தால், ஏற்கெனவே வரைந்த வட்டம், நீள்வட்டம், மூடிய பாலிலைன் (ஒரே பொருளான தொடர்கோடு), மூடிய ஸ்ப்லைன் (வளைகோடு), ரீஜன் (மூடிய பரப்பு) எதையும் வியூபோர்ட்டாக்கலாம். மூன்றாவது விபிகிளிப். இருக்கிற வியூபோர்ட்டையே வேறு வடிவத்துக்கு வெட்டுவது. நான் பாலிகோனலை ஏறக்குறைய மறந்தே போனேன். கண்ணளவில் புள்ளி வைத்தால் கோடு ஒருநாளும் நேராக உட்காராது; முதலில் பாலிலைனை ஒழுங்காக வரைந்துகொண்டு பிறகு வெட்டுவதுதான் நிம்மதி.

எனக்கு நிஜமாகவே நேரம் மிச்சம் பிடித்தது வட்ட டீடெயில்கள், அதாவது ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படங்கள். தளப்படம் 1:50, படிக்கட்டு விளிம்பின் டீடெயில் 1:10 என்று வையுங்கள். தாளில் 80 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போட்டால் அதற்குள் 800 மி.மீ. அகலத்துக்கு நிஜக் கட்டடம் தெரியும். மாடலில் அந்த இடத்தைச் சுற்றி 800 மி.மீ. விட்டத்தில் அடையாள வட்டம் வரைந்தால், 1:50 படத்தில் அது 16 மி.மீ. வட்டமாக வரும். வட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ, துல்லியமாக அதுவேதான் டீடெயிலிலும் இருக்கும். முன்பெல்லாம் அந்தப் பகுதியை நகலெடுத்து, ஓரங்களை டிரிம் செய்து, பெரிதாக்கி வைப்பேன். தளத்தில் படி அகலம் மாறினால் டீடெயிலில் பழைய அகலமே நிற்கும். இப்போது இரண்டும் ஒரே படம்; ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் நிற்க வழியே இல்லை.

எல் வடிவ மனைக்கு இப்போது செய்வது வேறு. மனை எல்லைக்கோடு மாடலில் எப்படியும் இருக்கும். அதை அதே இடத்தில் ஒரு நகல் எடுத்து, கொஞ்சம் வெளியே தள்ளி ஆஃப்செட் செய்கிறேன். வியூபோர்ட்டின் அளவுகோலை முடிவு செய்து பூட்டிவிட்டு, உள்ளே நுழைந்து அந்தக் கோட்டைச் சிஹெச்ஸ்பேஸ் கட்டளையால் பேப்பர் ஸ்பேஸுக்கு, அதாவது தாளுக்கு, ஏற்றுகிறேன். அளவும் இடமும் பிசகாமல் தாளில் வந்து உட்காரும். பிறகு விபிகிளிப், வியூபோர்ட், கோடு, முடிந்தது. நகல் எடுப்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்தக் கட்டளை கோட்டை இடம் மாற்றும், பிரதி எடுக்காது. ஒருமுறை மனை எல்லையையே தூக்கித் தாளில் வைத்துவிட்டு, மாடலில் எல்லை எங்கே என்று அரைமணி நேரம் தேடியிருக்கிறேன்.

வரிசையும் முக்கியம். அளவுகோல் முதலில், வெட்டு பிறகு. வெட்டிய பின் 1:100ஐ 1:75 ஆக்கினால் உள்ளே படம் பெரிதாகும், எல்லைக்கோடு அப்படியே நிற்கும். வெட்டு மனைக்குள்ளேயே விழும். திரும்பவும் முதலிலிருந்து.

இனி நான் வாங்கிய பெரிய அடி. அச்சில் எல்லைக்கோடு தெரியக் கூடாது என்று அது இருக்கும் லேயரை (படத்தின் அடுக்கை) ஃப்ரீஸ் செய்தேன். செவ்வக வியூபோர்ட்டில் பல வருடம் செய்து பழகிய கை. கோடு மறைந்தது, கூடவே வெட்டும் போனது. எல்லின் காலி மூலையில் பக்கத்து வீடு மறுபடியும் வந்து நின்றது. மறுநாள் காலையில் படம் கொடுக்க வேண்டும், எனக்கோ எதனால் என்று பிடிபடவில்லை. உதவிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள்: லேயரை ஆஃப் செய்யுங்கள், ஃப்ரீஸ் செய்யாதீர்கள். ஃப்ரீஸ் ஆன எல்லையை வைத்து மென்பொருள் சரியாக வெட்டாது. அந்த வரியை நான் படித்தது பிற்பாடு.

இதிலிருந்து ஒன்று புரிந்தது. செவ்வகம் அல்லாத வியூபோர்ட் ஒரு பொருள் இல்லை, இரண்டு. பிராப்பர்ட்டீஸ் பலகையைத் திறந்து பார்த்தால் வியூபோர்ட், எல்லைப் பாலிலைன் என இரண்டும் தனித்தனியே நிற்கும். இரண்டும் வெவ்வேறு லேயரில் இருக்கலாம். 'நான் லேயரை மாற்றினேனே, ஏன் மாறவில்லை' என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாற்றியது இரண்டில் ஒன்றை மட்டும்.

இப்போது என் டெம்ப்ளேட்டில் இதற்கென்றே இரண்டு லேயர். மனை வெட்டுக்கானது அச்சு ஆகாத லேயர்; ஆஃபும் வேண்டாம், ஃப்ரீஸும் வேண்டாம், பிரிண்டர் சின்னத்தை அணைத்தால் போதும். வட்ட டீடெயிலின் எல்லை அச்சில் வந்தாக வேண்டும், அதுவே டீடெயிலின் வட்டக்கோடு. அதற்கு இன்னொரு லேயர்.

எண்ணிக்கையில் ஒரு கண் இருக்கட்டும். ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் வியூபோர்ட்டுகளுக்கு மேக்ஸ்ஆக்ட்விபி என்ற வரம்பு உண்டு, இயல்பாக 64. ஒரே தாளில் டீடெயில்களை அள்ளி இறைத்தால் சிலது வெறுமையாக நிற்கும். படம் தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

போன வருடம்தான் கற்ற ஒன்று: பெரிய ரீஜனிலிருந்து சின்ன ரீஜனைச் சப்ட்ராக்ட் செய்து, மிஞ்சியதை ஆப்ஜெக்டாகக் கொடுத்தால் நடுவே ஓட்டையுள்ள வியூபோர்ட் கிடைக்கும். பெரிய சைட் பிளானின் நடுவில் ஓட்டை விட்டு, அங்கே வேறு அளவுகோலில் கீ பிளான் (இடம் காட்டும் சிறு படம்) வைத்தேன். ஒன்றுக்குள் ஒன்று இருப்பதால் உள்ளே நுழைய மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டாம், கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் அடுத்தடுத்த வியூபோர்ட்டுக்குத் தாவும். மேக வடிவ ஸ்ப்லைன் வியூபோர்ட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பார்த்தவர் இதைத் திருத்தக் குறி என்று நினைத்து, என்ன திருத்தம் என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.