5400-ஆ, 7200-ஆ? ஒரே லேப்டாப்பில் பத்து வருட ரெக்கார்டிங்

2013 இல் வாங்கிய லேப்டாப்பில் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும்) ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. எட்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸை இணைத்து, வீட்டில் நடக்கும் கச்சேரி ஒத்திகைகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியாக, கடத்துக்கு ஒன்று. முதல் மாதமே ஒரு நாள், தோடி ஆலாபனை பதினோராவது நிமிடத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பதிவு நின்றது. டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை என்று திரையில் ஒரு செய்தி. பாடியவர் எங்கள் பெரியப்பா. "பரவாயில்லைடா, மறுபடி பாடுறேன்" என்றார். பாடினார். ஆனால் முதலில் வந்த அந்தக் காந்தாரம் திரும்ப வரவில்லை.

அடுத்த வாரமே 7200 ஆர்பிஎம் டிஸ்க் வாங்கி மாட்டினேன். தடங்கல் குறைந்தது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ டிராக்குக்கு (ஒரு மைக்கின் பதிவுக்கு) நொடிக்கு ஏறத்தாழ 132 கேபி. எட்டு டிராக்கும் சேர்ந்தால் 1 எம்பியைக் கொஞ்சம் தாண்டும். என் 5400 டிஸ்க்கோ தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 50 எம்பிக்கு மேல் போனது. அப்படியானால் குறை வேகத்தில் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. விண்டோஸ், ஆன்டிவைரஸ், தம்புரா சாம்பிள் (முன்பே பதிவு செய்து வைத்த ஒலித்துண்டுகள்), பதிவாகும் கோப்புகள் எல்லாம் ஒரே டிஸ்க்கில். ஆன்டிவைரஸ் ஒரு மூலையில் படிக்க ஆரம்பித்தால், டிஸ்க்கின் ஊசி அங்கே ஓடிவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதற்குள் எழுதக் காத்திருக்கும் ஆடியோ குவிந்துவிடும். லேப்டாப்பின் டிவிடி டிரைவைக் கழற்றினேன். அந்த இடத்தில் பொருந்துகிற சட்டம் ஒன்றை வாங்கி, பழைய 5400 டிஸ்க்கை அதில் வைத்தேன். விண்டோஸும் சாம்பிள்களும் 7200 இல், ரெக்கார்டிங் மட்டும் 5400 இல். ஆன்டிவைரஸ் ரெக்கார்டிங் கோப்புறையைத் தொடாதபடி செய்தேன். பவர் செட்டிங்கில் ஹார்ட் டிஸ்க் தூங்கப் போவதையும் நிறுத்தினேன். அதன்பின் ஐந்து வருடம், வீட்டில் ஒரு பதிவுகூட நடுவில் நின்றதில்லை. வேகம் குறைந்தது என்று நான் கழற்றிய அதே டிஸ்க்தான்.

7200 உண்மையிலேயே உதவியது பியானோ சாம்பிளுக்கு. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து எடுப்பது இந்த சாம்பிளர்களின் வழக்கம். பெடலை அழுத்தியபடி பத்து விரலும் விழுந்தால், டிஸ்க் பல இடங்களுக்குத் தாவ வேண்டும். தேவையான இடம் சுழன்று வரும்வரை சராசரியாக 5400 இல் 5.6 மில்லிசெகண்ட் காத்திருப்பு, 7200 இல் 4.2. சின்ன வித்தியாசம்தான், ஆனால் 5400 இல் அறுந்துபோன கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) 7200 இல் முழுசாக ஒலித்தன. பாடகர் காதில் கேட்கும் தாமதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது பஃபர் விஷயம், அதாவது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பும் தற்காலிக நினைவகத்தின் அளவு.

7200 இன் ஒரு தொந்தரவைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. ஒரு வீணைப் பதிவில், மௌனமான இடங்களில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. கரண்ட் ஹம் என்று நினைத்து ஒயர்களை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஸ்பெக்ட்ரத்தை (ஒலியை அதிர்வெண்வாரியாகக் காட்டும் படத்தை) விரித்தால் 120 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான கோடு. நம் ஊர் மின்சாரத்தின் இரைச்சல் 50, 100 என்று 50 இன் மடங்குகளில்தான் நிற்கும். 7200 ஐ 60 ஆல் வகுத்தால் 120! லேப்டாப்பும் மைக் ஸ்டாண்டும் ஒரே மேசையில் இருந்தன. டிஸ்க்கின் சுழற்சி மரம் வழியாக மைக்குக்கு ஏறியிருக்கிறது. லேப்டாப்பைத் தனி ஸ்டூலுக்கு மாற்றி, அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டேன். கோடு காணாமல் போனது.

அதிர்வு எதிர்த் திசையிலும் வேலை செய்யும். ஒரு கோயில் திருவிழாவில் தவிலுக்கு நான்கடி தள்ளி லேப்டாப்பை வைத்திருந்தேன். தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போனபோது மறுபடி அதே எச்சரிக்கை. டிஸ்க்கின் முன்னால் கத்தினாலே அது தடுமாறும் என்பதை 2008 இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் காணொளியில் காட்டியிருக்கிறார். தவில் எம்மாத்திரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தூரமாகத் தள்ளி வைத்ததும் சரியானது. பதிவு ஓடும்போது லேப்டாப்பைத் தூக்கவும் கூடாது.

2019 இல் 7200 ஐ எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டே இல்லாத, சில்லில் சேமிக்கும் டிஸ்க்) போட்டேன். தேடும் நேரம் 0.1 மில்லிசெகண்ட் அளவுக்கு இறங்கியது, சுழற்சி இல்லை, 120 ஹெர்ட்ஸ் கோடும் இல்லை. இன்று வாங்குகிறவர்கள் விண்டோஸுக்கும் சாம்பிளுக்கும் யோசிக்காமல் எஸ்எஸ்டியே எடுங்கள். கையில் பழைய லேப்டாப் இருந்தால், 7200 க்குச் செலவழிக்கும் முன் இரண்டாவது டிஸ்க் பொருத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெக்கார்டிங்குக்கென்று ஹார்ட் டிஸ்க்தான் வாங்குவதாக இருந்தால், எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி எழுதும்) வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை நிரம்ப நிரம்ப எழுதுவதில் திணறும்.

பழைய 5400 இன்னும் ஓடுகிறது. பெரியப்பா இரண்டாம் முறை பாடிய தோடியும் அதில்தான் இருக்கிறது. போன வாரம் அதற்கு வேறு இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்தேன்.