நுவரெலியா ஏற்றத்துக்கு எந்த டீசல் கெப்?
நுவரெலியாவில் இருந்து கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு தம்புள்ளை ஓடுவதற்குப் பழைய கெப் ஒன்று தேடி மூன்று மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் இசுசு டி-மேக்ஸ் வாங்கினேன். 3.0 லீட்டர் 4ஜேஜே1 எஞ்சின். இரண்டு வருடமாகிறது, இன்னும் எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் அளவுக்கு வேலை வரவில்லை.

நான் முதலில் பார்த்தது டைமிங் செயினைத்தான், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே ஒழுங்கில் ஓடவைக்கும் சங்கிலி. சில எஞ்சின்களில் அதற்குப் பதிலாக, அவ்வப்போது மாற்ற வேண்டிய ரப்பர் பெல்ட் இருக்கும். முன்பு வைத்திருந்த வண்டியில் (பெயர் வேண்டாம்) றம்பொடை ஏற்றத்தில் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதி, எஞ்சினே போய்விட்டது. பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவரிடம் கேட்காதது என் தப்பு. பழைய மிட்சுபிஷி எல்200இன் 4டி56, ஹைலக்ஸின் 3.0 1கேடி இரண்டுமே பெல்ட்தான். நல்ல எஞ்சின்கள், ஆனால் வாங்கியவுடன் பெல்ட் மாற்றும் காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2015இல் வந்த 2.8 1ஜிடி ஹைலக்ஸ் செயின். விலையைக் கேட்டேன், சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

எதைப் பார்க்கப் போனாலும் விடியற்காலையில் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தால், பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒருவர் நான் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தார், பொனட்டைத் தொட்டதுமே பிடிபட்டுவிட்டது!

அப்புறம், காமன் ரெயில் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் பாகம்) எந்தக் கம்பனியுடையது என்றாலும் தண்ணீர் கலந்த டீசலைத் தாங்காது. அதனால் அந்தத் தண்ணீரைத் தடுக்கும் டீசல் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.