6 வோல்ட் ஹீட்டர், 12 வோல்ட் பீட்டில்: தொல்லை அணைத்த பிறகுதான்

தருமபுரி நண்பர் கேட்டார்: "அண்ணே, வண்டியை 12 வோல்ட் ஆக்கிட்டேன். பெட்ரோல் ஹீட்டர் மட்டும் 6 வோல்ட்லயே நிக்குது, என்ன பண்றது?" அவருடையதும் என்னுடையதைப் போலவே அறுபதுகளின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், பெட்ரோலைத் தனியே எரித்து வண்டிக்குள் சூடு தரும் எபர்ஸ்பேக்கர் கம்பெனி ஹீட்டர்.

ஹீட்டருக்கு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கவே கூடாது. வோல்ட் இரண்டு மடங்கானால், பெட்ரோலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கில் சூடு நான்கு மடங்கு, கம்பி போய்விடும். பலரும் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். காற்றை ஊதும் விசிறி மோட்டாருக்கு அது ஆகாது. கிளம்பும் நேரத்தில்தான் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், ரெசிஸ்டரும் அப்போதுதான் அதிக வோல்ட்டை விழுங்கும். காற்று குறைந்தால் பெட்ரோல் சரியாக எரியாது, உள்ளே கரி பிடிக்கும். 12-ஐ 6 ஆக இறக்கும் கன்வெர்ட்டர்தான் சரி. மோட்டார், பிளக் இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற அளவில் வாங்குங்கள்.

சூடு பிரமாதம். பீட்டிலின் வழக்கமான சூடு இன்ஜின் புகைக்குழாயிலிருந்து வருவது. தொப்பூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் ஆறிப்போகும். இந்த ஹீட்டருக்கு இன்ஜின் ஓடவே வேண்டியதில்லை. மார்கழி விடியலில் தளி ரோட்டில் முன்கண்ணாடிப் பனி மளமளவென்று விலகும்போது இதைச் செய்தவனைக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் அணைத்த பிறகு? தீ நின்றாலும் உள்ளே கொதிக்கிற இரும்பு ஆறும்வரை விசிறி சுற்றியாக வேண்டும். எனக்கு வயரிங் செய்தவர் கன்வெர்ட்டரைச் சாவி லைனில் கொடுத்துவிட்டார். சாவியை எடுத்ததும் விசிறி செத்துவிடும். சொன்னதும் நேராக பேட்டரிக்கு மாற்றினார். சும்மா கிடக்கும்போதும் கன்வெர்ட்டர் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. வண்டியை எடுக்காத வாரங்களில் பேட்டரி படுத்தது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

தீர்வு ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். ஹீட்டர் சுவிட்ச், உள்ளே சூடு இருக்கும்வரை இயங்கும் வெப்பச் சுவிட்ச், இரண்டில் எது இயங்கினாலும் ரிலே கன்வெர்ட்டரை பேட்டரியோடு சேர்க்கும். ஒவ்வொரு லைனிலும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பி ஓடி, அணைத்த ஹீட்டரை எரியவைக்கும்.

வெப்பம் மாற்றும் அறையில் விரிசல் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். விரிசல் வழியே எரிபுகையின் விஷவாயு கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரலாம், அதற்கு வாசனை கிடையாது.

தம்பி, என் பேச்சைக் கேட்டால் ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள். தருமபுரிக் குளிருக்கு இத்தனை பாடு வேண்டாம். தேன்கனிக்கோட்டையில் இருக்கிற நான் கழற்ற மாட்டேன். கழற்றுகிற அன்றே ஹீட்டருக்குப் போகும் பெட்ரோல் கிளைக்குழாயை டேங்க் பக்கத்திலேயே அடைத்துவிடுங்கள்.