மாருதி 800 டேங்கில் ஐந்தரை வருஷம் டூ டி ஆயில்

அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. மாதம் இரண்டு தடவை திருச்சியில் இருந்து காரைக்குடி போய் வருவது, மற்றபடி ஊருக்குள் ஓட்டம். இந்த வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய விஷயம். அதனால்தான் பெட்ரோலில் டூ டி ஆயில் (பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோலோடு ஊற்றும் ஆயில்) கலக்கும் பழக்கத்தை ஆரம்பித்தேன், அதனால்தான் அது உண்மையில் என்ன செய்கிறது என்று கணக்கும் வைத்தேன்.

ஆரம்பித்தது 2019 ஆகஸ்ட். டியூனிங் செய்துகொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, இப்ப வர்றது வறட்டு பெட்ரோல். லிட்டருக்கு அஞ்சு மில்லி டூ டி ஆயில் ஊத்துங்க, வண்டி வழுக்கிக்கிட்டு ஓடும்." பழைய ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு 20 மில்லி ஊற்றிய காலத்தை நினைத்தால் இது அதில் கால் பங்குதான். 25 லிட்டர் போட்டால் 125 மில்லி. இருமல் மருந்து மூடி ஒன்றை டேஷ்போர்டில் போட்டு வைத்தேன். பங்க்கில் நாசில் நுழையும் முன்பே ஆயிலை அளந்து ஊற்றிவிடுவேன், பெட்ரோல் விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். ஒரு டேங்குக்கு ஐம்பது ரூபாய் சொச்சம் செலவு.

முதல் இரண்டு வாரம் எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஸ்லோ ஸ்பீடில் உதறல் குறைந்தது, கியர் மாற்றும்போது சத்தம் மென்மையானது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. அதே வாரத்தில்தானே கார்புரேட்டரைக் கழுவி, ஏர் ஃபில்டரும் மாற்றியிருந்தோம்?

சரி, சோதித்தே பார்ப்போம் என்று மனைவியிடம் பொறுப்பைக் கொடுத்தேன். எட்டு முறை பெட்ரோல் போடும்போது ஆயிலை ஊற்றுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார், குறித்து வைப்பார், என்னிடம் சொல்ல மாட்டார். டேங்க் தீரும்போது ஆயில் இருந்ததா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். எட்டில் நான்கு சரி, நான்கு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். 21 வருஷமாக நான் பழகிய இன்ஜின் அது. அதில் எனக்கே தெரியவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மைலேஜும் அப்படித்தான். ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறை அதே அளவுக்கு நிரப்பிக் கணக்குப் போடும் முறை. ஆயில் இல்லாமல் ஆறு டேங்க் சராசரி 16.2 கிலோமீட்டர், ஆயிலோடு ஆறு டேங்க் 16.4. ஆனால் ஒரு டேங்குக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே ஒரு கிலோமீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அதில் இந்த 0.2-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. புகை டெஸ்டில் கார்பன் மோனாக்சைடு மாறவே இல்லை. ஹைட்ரோகார்பன் மட்டும் 620-ல் இருந்து 780 ஆனது. இந்த வயது வண்டிக்கு 1500 வரை அனுமதி உண்டு, அதனால் பாஸ்தான். ஆனாலும் எரியாத ஆயில் வெளியே போகிறது என்பது அந்த எண்ணில் தெரிகிறது.

"வறட்டு பெட்ரோல்", அதாவது வழுவழுப்பு இல்லாத பெட்ரோல் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். டீசல் வண்டியில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. டீசல் பம்ப்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான். கந்தகத்தை நீக்கும்போது அந்த வழுவழுப்பும் குறைகிறது, அதற்காகச் சுத்திகரிப்பு ஆலையிலேயே வேறு பொருள் சேர்க்கிறார்கள். என் மாருதியில் இருப்பது சவ்வு அசைந்து பெட்ரோலை இழுக்கும் டயஃப்ரம் பம்ப், அது பெட்ரோலின் உயவை எதிர்பார்ப்பதில்லை. சிலிண்டர் சுவருக்கு ஆயில் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் சம்ப் என்ற ஆயில் தொட்டியில் இருந்து போகிறது. அம்பாசடர் மாதிரி சிலிண்டர் மேல்மூடி (ஹெட்) இரும்பில் செய்த பழைய வண்டிகளுக்கு இன்னொரு கதை உண்டு. பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வ் உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்த பிறகு பலர் அதற்குப் பதிலாக ஆயிலை ஊற்ற ஆரம்பித்தார்கள். ஈயம் செய்த வேலை வேறு, ஆயில் அதைச் செய்யாது. மாருதியின் அலுமினிய ஹெட்டில் தனியாகக் கடினமான வால்வ் சீட் பதித்திருப்பதால் அந்தக் கவலையும் இல்லை.

அளவை ஏற்றினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன், அது தப்பு. 2021-ல் லிட்டருக்கு 10 மில்லி வீதம் மூன்று டேங்க் ஓட்டிவிட்டுக் கொல்லிமலை ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதைத் தாண்டியதும் இரண்டாவது கியரில் 'டிக் டிக்'கென்று நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் சத்தம் ஆரம்பித்தது. அதற்கு முன் இரண்டு முறை அதே மலை ஏறியிருக்கிறேன், ஒருமுறை கூட அந்தச் சத்தம் வந்ததில்லை. ஆயிலுக்கு ஆக்டேன், அதாவது அப்படி வெடிக்காமல் தாங்கும் திறன், குறைவு. அதோடு பிஸ்டன் தலையில் கரியும் ஏறியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன். வழக்கமாக பிஸ்கட் நிறத்தில் இருக்கும் முனை கறுத்துப்போய், விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. மூன்றாவது சிலிண்டர் பிளக்கில் பீங்கானைச் சுற்றி ஈரமே இருந்தது. அன்றே அளவை மறுபடி 5 மில்லிக்குக் குறைத்தேன்.

ஆயில் ஏதாவது செய்கிறது என்றால் அது வண்டி நிற்கும்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு இரண்டு சந்தர்ப்பம் கிடைத்தது. 2020 ஊரடங்கில் மூன்று மாதம் நின்றபோது டேங்கில் ஆயில் இருந்தது. 2024-ல் நான்கு மாதம் வெளியூரில் இருந்தோம், அப்போது வேண்டுமென்றே ஆயில் இல்லாமல் விட்டேன். இரண்டு முறையும் திரும்பி வந்ததும் கார்புரேட்டரை நானே திறந்தேன்.

2020-ல் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருந்தது, ஆயில் மட்டும் அடியில் பிசுபிசுவென்று படிந்து நின்றது. ஸ்லோ ஸ்பீடில் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் ஊசித் துளை முக்கால்வாசி அடைத்திருந்தது. உலோகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. 2024-ல் அதற்கு நேர் எதிர். ஜெட் திறந்திருந்தது, ஆனால் கிண்ணத்தின் சுவரில் பழுப்பாகப் பிசின், அடியில் வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் கீழே சிறுசிறு குழிகள். பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் என்ற ஆல்கஹாலும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரித்த அடையாளம் அது. எங்கள் குடும்பத்தோடு இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் அந்தக் குழிகளைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

அப்படியென்றால் எத்தனாலுக்கு ஆயில்தான் மருந்தா? இதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பார்த்துவிடலாம். திறந்தவெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். 100 மில்லி பெட்ரோல், அரை மில்லி பச்சை நிற டூ டி ஆயில், 10 மில்லி தண்ணீர். குலுக்கி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. கீழ் அடுக்கு 10 மில்லி இல்லை, கிட்டத்தட்ட 30. பெட்ரோலில் இருந்த எத்தனாலைத் தண்ணீர் தன்னோடு இழுத்துக்கொண்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது என்பதால் கணக்கு சரியாக வருகிறது. நான் உற்றுப் பார்த்தது நிறத்தை. பச்சை முழுக்க மேல் அடுக்கில் இருந்தது, கீழே தெளிந்த நீர். டேங்கில் இது நடந்தால் துருப்பிடிக்கும் அடித்தட்டில் தண்ணீரும் எத்தனாலும் நிற்கும், ஆயில் மேலே பெட்ரோலோடு இருந்துவிடும். காக்க வேண்டிய இடத்துக்கு அது போவதே இல்லை.

ரப்பரையும் அது காப்பாற்றவில்லை. தவறாமல் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்த 2023-லேயே பம்ப்புக்குப் போகும் ஹோஸ் ஊறி, அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கியது. காலையில் கராஜைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் வாங்கி மொத்தமும் மாற்றினேன், டயஃப்ரமும் புதிது. இந்த வண்டிக்கு நான் செய்ததில் முழுப் பலன் கொடுத்தது அதுதான். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயிலுக்கு ஒதுக்கும் காசை முதலில் ஹோஸுக்குப் போடுங்கள். பெட்ரோல் கசிவு தீயில் போய் முடியும்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இதைச் செய்யலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதில் ஆக்சிஜன் சென்சாரும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. அரைகுறையாக எரிந்த ஆயில் அவற்றின் மேல் படியும். டூ டி ஆயிலுக்குப் பதில் சாதாரண இன்ஜின் ஆயிலை ஊற்றினால் இன்னும் மோசம், அதில் உள்ள துத்தநாகமும் பாஸ்பரஸும் கன்வெர்ட்டரையே கெடுக்கும். இன்ஜெக்டரில் அழுக்கு என்று சந்தேகம் இருந்தால் பாலிஈத்தர்அமைன் உள்ள கிளீனரைப் பார்த்து வாங்கலாம். அது கழுவும் பொருள், உயவு எண்ணெய் இல்லை. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் புது வகை இன்ஜின் என்றால், இன்டேக் வால்வ் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே ஏறும் கரியை டேங்கில் ஊற்றும் எதுவும் தொடாது.

2025 தொடக்கத்தில் டேங்கில் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பி வைக்கிறேன், காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரக்காற்றும் குறையும். கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துக் காய விடுகிறேன். மிச்சம் இருக்கும் ஆயில் பாட்டில் வேறு வேலைக்குப் போகிறது: மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் விட்டு, இன்ஜினை இரண்டு சுற்று கையால் சுற்றி, பிளக்கை மாட்டிவிடுகிறேன். நிற்கும் காலத்தில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருப்பிடிக்காமல் இருக்க அது நேராக உதவுகிறது. போன மழைக்காலத்தில் ஆறு வாரம் நின்ற பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு நிமிடம் நீலப்புகை வந்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. மூன்றாவது பிளக் மறுபடி பிஸ்கட் நிறத்துக்கு வர ஒரு காரைக்குடிப் பயணம் போதுமாக இருந்தது.