வௌவால் சர்வே: வெறும் டிடெக்டரா, கேமராவுமா?

லண்டன் ஹாரோவில் எங்கள் வீடு 1930களில் கட்டியது. பக்கவாட்டில் இரண்டு மாடி எழுப்பி, புதுக் கூரையைப் பழைய ஓட்டுக் கூரையோடு சேர்க்க கவுன்சிலில் விண்ணப்பம் போட்டோம். முதலில் வந்த கேள்வியே வௌவால் பற்றித்தான். நம் ஊரில் வௌவால் என்றால் பெரிய மரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழந்தின்னி. இங்கே கூரையில் ஒதுங்கும் பிபிஸ்ட்ரெல் என்ற குட்டி வௌவால் 5 கிராம்தான். ஓட்டுக்கடியில் கட்டைவிரல் நுழையும் இடுக்கு இருந்தால் போதும், குடியேறிவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள 1981 வனவிலங்குச் சட்டமும் 2017 வாழிட விதிகளும் வௌவாலை மட்டுமல்ல, அது தங்கும் இடத்தையும் காக்கின்றன, உள்ளே அப்போது வௌவால் இல்லாவிட்டாலும். "அனுமதி கொடுங்கள், சர்வே அப்புறம் செய்கிறோம்" என்பது பொதுவாக நடக்காது. இருக்கிறதா இல்லையா என்று தெரிந்த பிறகுதான் முடிவு.

பிப்ரவரியில் சர்வே செய்பவர் ஒருவர் வந்து கூரைக்கடியில் உள்ள லாஃப்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். இந்த முதல் பார்வையை எந்த மாதத்திலும் செய்யலாம். சுவரோரம் கொஞ்சம் புழுக்கை, வெளியே நழுவிய இரண்டு ஓடுகள். "நடுத்தர வாய்ப்பு" என்று எழுதினார். அதாவது மே முதல் செப்டம்பருக்குள், குறைந்தது மூன்று வார இடைவெளியில், இரண்டு அந்தி சர்வே, இருட்டும் நேரத்தில் கூரையிலிருந்து வௌவால் வெளியே வருகிறதா என்று நின்று பார்ப்பது. வாய்ப்பு குறைவு என்றிருந்தால் ஒன்று, அதிகம் என்றிருந்தால் மூன்று.

இதற்கு இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். முதலாவதில் மூன்று ஆட்கள், கையில் வௌவாலின் ஒலியைப் பிடிக்கும் டிடெக்டர், வீட்டின் மூலைக்கு ஒருவர். இரண்டாவதில் இரண்டு ஆட்கள், டிடெக்டர், கூடவே இரண்டு இன்ஃப்ராரெட் கேமராவும் அதற்கான விளக்குகளும். இரண்டாவது விலை கூடுதல். ஆள் குறைந்து பணம் கூடுகிறதே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆட்கள் மட்டும் நிற்கும் முறையைக் குறை சொல்ல முடியாது. பல வருடங்களாக அப்படித்தான் செய்தார்கள். வெட்டவெளியில் நிற்கும் சின்ன கராஜுக்கு அது போதும் என்பது என் ஊகம். விலையும் குறைவு. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

நான் மனம் மாறியதற்குக் காரணம் இருட்டு. பிபிஸ்ட்ரெல் சூரியன் மறைந்து இருபது நிமிடம் போல வெளியே வந்துவிடும். அப்போது வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும், கண்ணுக்கே தெரியும். அதன் ஒலியும் பலமானது. 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டிடெக்டர் படபடவென்று அடிக்கும். நீள்காது வௌவாலின் கதை வேறு. நன்றாக இருட்டிய பிறகே அது கிளம்பும். கத்துவதோ கிசுகிசுப்பு. சில மீட்டர் தள்ளி நின்றாலே டிடெக்டரில் விழாமல் போகலாம். ஆள் கண்ணுக்கும் தெரியாது, கருவிக்கும் கேட்காது என்றால், மூன்று பேர் நின்றாலும் முப்பது பேர் நின்றாலும் ஒன்றுதான்.

என் சகலை முந்தின வருடம் முதல் வழியில் போனவர். இரண்டாவது சர்வேயில், சூரியன் மறைந்து நாற்பது நிமிடத்துக்கு மேல், ஒலி மட்டும் பதிவானது. கூரையிலிருந்து வந்ததா, தெருவைக் கடந்து போனதா? நின்றவருக்குத் தெரியவில்லை. "மீண்டும் செய்யுங்கள்" என்றார் கவுன்சிலின் சூழலியலாளர். அதற்குள் செப்டம்பர் முடிந்துவிட்டது. அடுத்த மே வரை கொத்தனார் காத்திருப்பாரா? வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு கொட்டேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல எத்தனையோ மடங்கு அவருக்கு அங்கே போனது. வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள். சகலை எட்டு மாதம் தொங்கினார்.

கேமரா இருந்தால் சந்தேகம் வந்த நொடிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். வௌவால் கண்காணிப்புக்கான பொது வழிகாட்டியின் 2023 பதிப்பும் அந்தி சர்வேக்கு இரவுக் கேமராவைப் பரிந்துரைக்கிறது. ஆகவே கேமரா இல்லாத அறிக்கையைக் கவுன்சில் கேள்வி கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கேமரா வைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது பார்க்கும் கோணத்துக்குள்தான் பார்க்கும். எங்கள் பின்பக்கத்து ஆப்பிள் மரம் கூரையில் கால்வாசியை மறைத்தது, அந்த இடத்துக்கு ஒருவர் நிற்கத்தான் வேண்டியிருந்தது. விளக்கு போதாவிட்டால் படம் கருப்பு. பதிவு முழுவதையும் யாராவது உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும், கூடுதல் விலையில் பாதி அதற்குத்தான். நான் கேட்ட கேள்விகள் இரண்டு: வீடியோவை யார் பார்ப்பார், மிக இருட்டான நேரத்துப் படம் ஒன்றை அறிக்கையில் வைப்பீர்களா? இதற்கு மழுப்பினால் அந்தக் கேமரா அலங்காரம்தான்.

வெப்பக் கேமரா என்று இன்னொன்று உண்டு. விளக்கு தேவையில்லை, விலை அதிகம். வெயிலில் காய்ந்த ஓடு சூடு ஆறாமல் இருந்தால் படம் குழம்பும் என்று எங்களிடம் வந்தவர் சொன்னார். நான் பார்த்தது எங்கள் ஒரு வீட்டின் இரண்டு மாலைகள்தான். மரப்பொந்துகளுக்கும் பழைய களஞ்சியங்களுக்கும் இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன்.

எப்படியானாலும் மார்ச்சிலேயே தேதி பிடித்துவிடுங்கள். எங்களுக்கு ஜூன் கிடைத்தது. சூரியன் மறைய ஒன்பதே கால் தாண்டும், அதற்குக் கால் மணி முன்னால் தொடங்கி பதினொரு மணிக்கு மேல் வரை நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார், முதல் நாளே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

முதல் மாலை எதுவும் இல்லை. ஜூலையில், சூரியன் மறைந்து ஐம்பது நிமிடம் கழித்து, நழுவிய ஓட்டுக்கடியிலிருந்து ஒரே ஒரு நீள்காது. அங்கே நின்றவர் கவனிக்கவில்லை, டிடெக்டரிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் வீடியோவில்தான் தெரிந்தது. அனுமதி கிடைத்தது. ஒற்றை வௌவால் பகலில் ஒதுங்கும் இடம் என்பதால், அந்த இடத்தில் கைவைப்பதற்கான உரிமமும் எளிய வகையில் முடிந்தது. ஒரே நிபந்தனை, கூரையின் அந்தப் பகுதியில் ஓட்டுக்கடியில் நவீன சுவாசிக்கும் ஷீட் போடக்கூடாது, அதன் நாரில் வௌவால் சிக்கிச் சாகும். பழைய மாதிரி தார் ஃபெல்ட்தான். கொத்தனார் அதைக் கடையில் தேடி வாங்கி வந்தார், முணுமுணுத்துக்கொண்டே.